காசு ஊருக்கு, குழி சேரிக்கு

புயல் கரையைக் கடந்த ரெண்டு மூணு நாளில் அரசாங்கத்திடமிருந்து ஒரு விலைப்பட்டியல் வரும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறி, விழுப்புரம் மாவட்டத்தை ஏரியாக்கிவிட்டுப் போனபோதும் வந்தது. பசுவோ எருமையோ செத்தால் 37,500 ரூபாய். ஆடு செத்தால் 4,000. கோழிக்கு 100. அதற்கு முந்தின வருசம், 2023 டிசம்பரில், முதலில் சென்னையில் மிக்ஜாம், அடுத்த ரெண்டே வாரத்தில் தாமிரபரணி வெள்ளம். அப்போதும் மாட்டுக்கும் ஆட்டுக்கும் இதே விலைதான். 2018இல் கஜா அடித்தபோது பசுவுக்கு 30,000. ஆக, விலை ஏறியிருக்கிறது. சந்தோசம்.

இந்த விலை போதுமா போதாதா என்று நாளிதழ்களில் எழுதுவார்கள். கறவை மாடு சந்தையில் என்ன விலை விற்கிறது, அரசு எவ்வளவு தருகிறது என்று விவசாயச் சங்கங்கள் மறியல் செய்யும். செய்யட்டும். அது அவர்களுடைய கணக்கு. நம்முடைய கேள்வி அதற்கு ஒரு படி முன்னால் இருக்கிறது. செத்துப்போன மாடு யாருடையது? அதை யார் தீர்மானிக்கிறார்கள்?

நான் ஒரு வங்கியில் எழுத்தராக இருக்கிறேன். நிவாரணக் காசு கடைசியாக வந்து விழுகிற இடம் எங்கள் கவுண்டர். யார் பெயரில் விழுகிறது, யார் வந்து எடுக்கிறார்கள், யார் பாஸ்புக்கை நீட்டி 'எனக்கு வந்திருக்குதா பாருங்க சார்'ன்னு கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பிப் போகிறார்கள் என்பதெல்லாம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவனுக்குத் தெரியும். அப்படித் திரும்பிப் போகிறவர்களில் பாதிப்பேர் மாடு இல்லாதவர்கள் அல்ல. மாட்டோடயே கிடந்தவர்கள். காகிதத்தில் மாடு இல்லாதவர்கள்.

வாரத்துக்கு மாடு வளர்ப்பது என்றால் என்னவென்று இந்த இதழைப் படிக்கிற தோழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தெரியாமல் கையில் எடுத்துவிட்டவர்களுக்காகச் சொல்கிறேன். ஊர்த்தெருக்காரர் ஒரு கன்னுக்குட்டியை வாங்கி, சேரியில் ஒரு பொம்பளையிடம் பிடித்துக் கொடுப்பார். புல் அறுப்பது, தண்ணி காட்டுவது, சாணி வாருவது, ராத்திரி காவல் எல்லாம் அவள் பொறுப்பு. கன்னு வளர்ந்து மாடானதும் விலை போட்டுப் பாதிப் பாதி. அல்லது முதல் ஈத்து அவருக்கு, ரெண்டாவது ஈத்து இவளுக்கு. ஆடு என்றால் குட்டியில் பங்கு. ஊருக்கு ஊர் கணக்கு மாறும். மாறாத விசயம் ஒன்றுதான்: எதுவும் எழுத்தில் கிடையாது. பால் சொசைட்டியில் அட்டை அவர் பெயரில். மாட்டின் காதில் அடித்த வில்லையின் எண்ணுக்கு நேராக இருப்பதும் அவர் பெயர். அந்த மாட்டுக்கு இவளுடைய குரல் தெரியும், அவ்வளவுதான்.

இப்போது வெள்ளம் வருகிறது. மாடு கட்டின இடத்திலேயே சாகிறது. 37,500 யாருக்கு? விதிப்படி 'உரிமையாளருக்கு'. அந்தத் தொகையில் பாதி வார வழக்கப்படி அவளுக்கு வரவேண்டும் என்று எந்த தாசில்தாரும் சொல்லப்போவதில்லை. ஏனென்றால் அவள் எந்த ஃபாரத்திலும் இல்லை. மூணு வருசம் அவள் வரப்பு வரப்பாக அறுத்துச் சுமந்த புல்லுக்கு விலை பூஜ்யம். போதாததற்கு 'ஏன்டி, அவுத்து உட்டிருந்தா பொழச்சிருக்குமில்ல'ன்னு ஏச்சு வேறு. என் சித்தி முறையில் ஒருத்தி சொன்னாள்: "மாடு அவுங்களுது தம்பி, கைவலி என்னுது." இதைவிடச் சுருக்கமாக உற்பத்தி உறவை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

'நிவாரணம்' என்ற சொல்லைக் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். கவிதை எழுதுகிறவனுக்குச் சொல்லைச் சும்மா விட மனசு வராது. வடமொழியில் அதற்கு நீக்குதல், விலக்குதல், தடுத்தல் என்று பொருள். துன்பத்தை நீக்குதல் என்று அரசு சொல்லுகிறது. நடைமுறையில் யார் நீக்கப்படுகிறார்கள் என்று பார்த்தால், சொல் தன் பழைய வேலையை ஒழுங்காகத்தான் செய்துகொண்டிருக்கிறது.

நீக்கும் வேலையில் முதல் கருவி 'ஆதாரம்'. கால்நடை மருத்துவர் வந்து பார்த்துச் சான்று தர வேண்டும். செத்த உடம்பு இருக்க வேண்டும். சேரி எங்கே இருக்கிறது? ஏரிக்கு உள்வாயில், ஓடைக் கரையில், வடிகாலுக்குக் கீழே. மேட்டில் வீடு கட்டிக்கொண்டவர்கள் நமக்கு விட்டுவைத்த இடம் அது. முதல் தண்ணி நம்ம தெருவுக்குத்தான் வரும். நம்ம ஆடுகள் செத்துக் கிடக்காது, அடித்துக்கொண்டு போய்விடும். ஊர்த்தெரு மாடு கொட்டகையில் செத்துக் கிடக்கும், போட்டோ எடுக்கலாம். சேரி ஆடு எந்த முள்ளுக்காட்டில் ஒதுங்கியதோ, மூணாம் நாள் நாற்றம் வந்த பிறகுதான் தெரியும். அதிகாரியின் ஜீப் கல்ரோடு முடிகிற இடத்தில் நின்றுவிடும். கணக்கெடுப்பு ஊரில் தொடங்கி ஊரிலேயே முடியும். பட்டியலை ஒட்டுகிற சுவரும் ஊரில்தான் இருக்கிறது.

'புயலுக்கு எங்கேய்யா சாதி இருக்கு, இதுலயும் சாதியைக் கொண்டாந்து நுழைக்கிறீங்களே'ன்னு கேட்கிற நல்லவர்கள் உண்டு. எங்கள் கிளையிலேயே உண்டு. புயலுக்குச் சாதி இல்லை, ஒத்துக்கொள்கிறேன். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இருக்கிறது. இதை நான் மட்டும் சொல்லவில்லை. 2005இல் நாடாளுமன்றம் போட்ட பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 61ஆம் பிரிவு, நிவாரணம் வழங்குவதில் பால், சாதி, சமூகம், வம்சாவளி, மதம் பார்த்துப் பாகுபாடு கூடாது என்கிறது. நடக்காத ஒன்றைத் தடுக்க யாரும் சட்டத்தில் தனிப்பிரிவு எழுதுவதில்லை. அந்தச் சட்டம் வருவதற்கு ஓராண்டு முன்னால்தான் சுனாமி வந்திருந்தது.

சுனாமியைச் சொன்னதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. 2004 டிசம்பரில் நாகப்பட்டினத்தில் பிணங்களை எடுக்க வெளியூர் நகராட்சிகளிலிருந்தெல்லாம் துப்புரவுத் தொழிலாளர்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். அவர்கள் எந்தச் சாதி என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? மனிதப் பிணத்துக்கு நடந்தது மாட்டுப் பிணத்துக்கும் நடக்கிறது. வெள்ளம் வடிந்த காலையில் ஊரிலிருந்து ஆள் வரும். 'மாடு செத்துக் கெடக்குது, ரெண்டு பேர வரச்சொல்லு.' செத்த மாட்டுக்கு நிவாரணம் ஊர்த்தெருக் கணக்கில் ஏறும். அதே மாட்டுக்குக் குழி வெட்டும் வேலை சேரிக்கு வரும். கூலியாக எது கொடுத்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டும். இந்தக் கட்டுரையின் தலைப்பு நான் யோசித்து வைத்தது இல்லை, அப்படியே நடப்பதை எழுதினேன்.

செத்த மாட்டைச் சுமக்காதே என்று பாபாசாகேப் சொல்லி நூறு வருசம் ஆகப்போகிறது. 1927இல் மகாத் மாநாட்டின் சேதிகளில் அதுவும் ஒன்று. 2015இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைத் திருத்தியபோது, பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் மனிதப் பிணத்தையோ விலங்கின் பிணத்தையோ அப்புறப்படுத்த வைப்பது, சுமக்க வைப்பது, குழி வெட்ட வைப்பது குற்றம் என்று தெளிவாகவே எழுதிவிட்டார்கள். 2016 ஜனவரியிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. பேரிடர் நாளில் இந்தச் சட்டத்துக்கு விடுமுறை என்று எங்கேயும் எழுதியில்லை. குழி வெட்ட ஜேசிபி இருக்கிறது, ஊராட்சிக்கு நிதி இருக்கிறது. ஆனாலும் பழக்கத்தில் கால் சேரிப் பக்கம்தான் திரும்புகிறது.

விலைப்பட்டியலுக்கு மறுபடியும் வருவோம். இது மாநில அரசு தானாகப் போட்டது அல்ல. ஒன்றிய உள்துறை மாநிலப் பேரிடர் நிதிக்கு வகுத்துத் தருகிற விதிகளில் இருந்து வருவது. 2022-23 முதல் 2025-26 வரைக்குமான விதியைப் படித்தேன். கறவை மாட்டுக்கு 37,500. ஆடு, செம்மறி, பன்றி மூன்றுக்கும் 4,000. உழவு மாட்டுக்கு 32,000. கன்றுக்கும் கழுதைக்கும் 20,000. கோழிக்கு 100, குடும்பத்துக்கு அதிகபட்சம் 10,000. ஒரு குடும்பத்துக்குக் கறவையில் பெரிய உருப்படி மூன்று அல்லது சிறிய உருப்படி முப்பது என்று வரம்பு. 'பொருளாதார ரீதியாகப் பயன்தரும்' விலங்காக இருக்க வேண்டும் என்று நிபந்தனை.

பன்றி பட்டியலில் இருக்கிறது என்பதைப் பாருங்கள். ஆட்டுக்குச் சமமாக இருக்கிறது. ஆனால் அமைச்சர் அறிவிக்கும்போது பசு, எருமை, ஆடு, கோழி என்பார். பன்றி என்ற சொல் வாயிலேயே வராது. பன்றி வளர்க்கிற நம் ஆட்களுக்கோ அப்படி ஒரு பணம் உண்டென்றே தெரியாது. தெரிந்தாலும் அந்தப் பெயரைச் சொல்லி மேசைக்கு முன்னால் நிற்க ஒரு கூச்சம். அந்தக் கூச்சத்தை நமக்குள் ஏற்றியவர்கள் அதில் ஆளுக்கு 4,000 மிச்சம் பிடிக்கிறார்கள்.

'பயன்தரும்' என்ற சொல்லும் அப்படித்தான். மடி வற்றிய கிழ மாடு பயன்தராது என்று எழுதுகிறவன் சாணி விற்று உப்பு வாங்கினவன் இல்லை.

பட்டியலில் இல்லாததையும் பார்க்க வேண்டும். பட்டு வளர்ப்புக்கு ஒரு தலைப்பு இருக்கிறது. மீன்பிடிப்புக்கு இருக்கிறது. கைத்தறிக்கும் கைவினைக்கும் இருக்கிறது. தேனீ என்ற சொல் இல்லை. பட்டுப்புழு அரசாங்கத்தின் கண்ணில் பட்டிருக்கிறது, தேனீ படவில்லை.

கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டம் பக்கம் போனால் தெரியும். சொந்தமாக ஒரு சென்ட் நிலமில்லாதவனும் அங்கே தேன்பெட்டி வைக்கலாம். அடுத்தவர் ரப்பர் தோட்டத்தில் பெட்டியை வைத்து, ரப்பர் புதுத் தளிர் விடும் மாதங்களில் தேன் எடுக்கிறார்கள். தேனீ மேய்வதற்குப் பட்டா வேண்டியதில்லை. நிலமில்லாதவருக்கு இத்தனை பொருத்தமான தொழில் வேறு எது இருக்கிறது? 1991-92இல் தாய்லாந்து சாக்புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியா முழுக்கப் பெட்டியில் வளர்க்கும் இந்தியத் தேனீக்களைத் தாக்கியது. புழுக்கள் நீர்ப்பை போல ஊதிச் செத்தன. பத்துக் கூட்டில் ஒன்பது அழிந்தது. தேன் வளர்ப்பையே நம்பியிருந்த குடும்பங்கள் ஒரே பருவத்தில் வெறும் பெட்டிக்காரர்கள் ஆனார்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி வந்து அதே மாவட்டத்தில் ரப்பர் மரங்களை முறித்துப் போட்டது. மரத்துக்கு இழப்பீடு பேசப்பட்டது. மரத்தடியில் பெட்டி வைத்திருந்தவர் எந்தப் பத்தியில் வருவார்? நிலமும் அவருடையது இல்லை, மரமும் அவருடையது இல்லை. அவருடையது பறந்துபோய்விட்டது.

சேரியில் மாடு வளர்ப்பவளும் குமரியில் பெட்டி வைத்தவரும் ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள். அடுத்தவன் சொத்தின் மேல் தன் உழைப்பைப் போட்டவர்கள். நம்முடைய நிவாரண விதிக்குச் சொத்து தெரியும், உழைப்பு தெரியாது.

இது எங்கேயும் இப்படித்தான், வேறு வழியில்லை என்று யாராவது சொன்னால் அமெரிக்கச் சட்டத்தைக் காட்டுங்கள். அங்கே 2008இல் வந்த விவசாயச் சட்டத்தில் கால்நடை, தேனீ, வளர்ப்பு மீன் மூன்றுக்கும் அவசர உதவி என்று பெயர் சொல்லியே ஒரு திட்டம் வைத்தார்கள். 2014இல் அதை நிரந்தரமாக்கினார்கள். வழக்கமாகச் சாகும் அளவுக்கு மேல் தேனீக் கூட்டம் அழிந்தால் பணம் உண்டு. அதே 2008 சட்டத்தில் கால்நடை இழப்பீட்டுக்கு இன்னொரு திட்டம். அதில் விலங்கின் உரிமையாளர் ஒருவர், ஒப்பந்தத்துக்கு வளர்த்துக் கொடுப்பவர் இன்னொருவர் என்று ரெண்டு பேரையும் தனித்தனியே குறித்திருக்கிறார்கள். வளர்ப்பவர் இழந்த வருமானத்துக்குத் தனிக் கணக்கு உண்டு. அங்கேயும் அது பெரும்பாலும் பெரிய கம்பெனிகளுக்குக் கோழியும் பன்றியும் வளர்த்துத் தருகிறவர்களை நினைத்து எழுதியதுதான். இருக்கட்டும். வளர்ப்பவன் வேறு, உடையவன் வேறு என்று ஒரு அரசாங்கத்தால் எழுத முடியும் என்பதற்கு அது சாட்சி.

ஆனால் எழுதிவிட்டால் மட்டும் போதாது என்பதற்கும் அதே நாடு சாட்சி. 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்கள் கறுப்புச் சிறுத்தைகளைப் பார்த்துப் பெயர் வைத்துக்கொண்ட நாளிலிருந்து அந்தக் கதை நமக்கு அந்நியமில்லை. 1920இல் அமெரிக்க விவசாயிகளில் ஏழு பேரில் ஒருவர் கறுப்பர். இன்றைக்கு நூற்றுக்கு ரெண்டு பேர்கூட இல்லை. கடனிலும் பேரிடர் உதவியிலும் வேளாண் துறை தங்களை ஒதுக்கியது என்று கறுப்பு விவசாயிகள் தொடுத்த வழக்கில் 1999இல் சமரசம் ஏற்பட்டது. விடுபட்டவர்களுக்காக 2010இல் மறுபடியும் 125 கோடி டாலருக்கு ஒரு சமரசம். விண்ணப்பத்தை வாங்கும் உள்ளூர் மேசையில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதே அங்கேயும் பிரச்சினை. பிறகு நான் சொன்ன அந்த அவசர உதவித் திட்டத்தில், ஒடுக்கப்பட்ட பிரிவு விவசாயிகளுக்கு 75க்குப் பதிலாக 90 விழுக்காடு என்று வைத்தார்கள். 2025 ஜூலையில் இனமும் பாலும் பார்க்கும் அந்தப் பிரிவை இனி எந்தத் திட்டத்திலும் கணக்கில் எடுக்க மாட்டோம் என்று வேளாண் துறை அறிவித்துவிட்டது. எல்லாரும் சமமாம். ஓட்டப் பந்தயத்தில் பாதித் தூரம் ஓடி முடித்தவனுக்குத் திடீரென்று சமத்துவம் பிடித்துப்போவது உலக வழக்கம் போலிருக்கிறது.

இங்கே மேசையைத் தாண்டிக் காசு வந்துவிட்டாலும், கடைசி வாசல் எங்களுடையது. அதையும் சொல்லிவிடுகிறேன். கணக்கு ரெண்டு வருசம் அசையாமல் கிடந்தால் அது 'செயல்படாத கணக்கு'. வேலை தேடித் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் போய்வருகிற குடும்பத்தின் கணக்கு அசையாமல்தான் கிடக்கும். ஆதாரில் ஒரு எழுத்து, பாஸ்புக்கில் ஒரு எழுத்து. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் தன் இஷ்டத்துக்குப் பெயர் எழுதின தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. எல்லாம் சரியாக இருந்து பணம் ஏறினால், பழைய கடன் பாக்கிக்கு அதைப் பிடித்துவைக்கும் கிளைகளை நான் பார்த்திருக்கிறேன். செத்த ஆட்டின் காசை எடுத்து, அந்த ஆட்டை வாங்கின கடனுக்கே வரவு வைப்பது! கணக்குப் புத்தகத்தில் ரெண்டு பக்கமும் நேராகிவிடும். கிழவி வெறும் துண்டோடு வெளியே போவாள்.

'வளர்க்கிறவங்களுக்கும் காசுன்னா ஆளாளுக்கு வந்து நான்தான் வளர்த்தேன்னு நிப்பாங்களே'ன்னு ஒரு ஆட்சேபம் வரும். போலிக் கணக்கு என்றதும் சேரியை நினைக்கிற மூளை அது. யார் மாட்டை யார் மேய்க்கிறார்கள் என்று ஊரில் யாருக்குத் தெரியாது? தினம் காலையில் சொசைட்டிக்குப் பால் கொண்டுவந்து ஊற்றுகிறவள் யார் என்று பால் அளப்பவருக்குத் தெரியும். தடுப்பூசி முகாமுக்கு மாட்டைப் பிடித்து வருகிறவள் யார் என்று டாக்டருக்குத் தெரியும். 1969லேயே தமிழ்நாட்டில் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் வந்தது. நிலம் ஒருவர் பெயரில் இருந்தாலும் உழுகிறவர் பெயரைத் தனியாகப் பதியலாம் என்றது. நிலத்துக்கு முடிந்தது மாட்டுக்கு ஏன் முடியாது? காது வில்லைக்கு நேராக 'உரிமையாளர்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. பக்கத்தில் 'வளர்ப்பவர்' என்று இன்னொரு கட்டம் போட எத்தனை ரூபாய் செலவாகும்?

ஆகவே நாம் கேட்க வேண்டியது இவ்வளவுதான். நிவாரணத்தில் வளர்ப்பவர் பங்கை விதியிலேயே எழுது. தேன்பெட்டியைப் பட்டியலில் சேர். கணக்கெடுப்பைச் சேரியிலிருந்து தொடங்கு, பட்டியலைச் சேரியிலும் ஒட்டு, கிராம சபையில் சத்தமாகப் படி. பிணம் கிடைக்காத ஆட்டுக்கு அக்கம்பக்கத்துச் சாட்சியை ஏற்றுக்கொள். நிவாரணக் காசில் கடன் பிடிக்காதே. செத்த மாட்டுக்குச் சேரியைக் கூப்பிட்டால் வழக்குப் போடு.

கடைசிக் கோரிக்கை அரசிடம் அல்ல, நமக்குள். அடுத்த புயலுக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. அதற்குள் ஒவ்வொரு தெருவிலும் படித்த பிள்ளை ஒன்று நோட்டு எடுத்து, எந்த வீட்டில் யாருடைய மாடு, எந்த வாரக் கணக்கில், எத்தனை ஆடு, எத்தனை பன்றி, எத்தனை பெட்டி என்று எழுதி வைக்கட்டும். செல்போனில் படம் பிடித்து வைக்கட்டும். கணக்கைச் செயல்பாட்டில் வைத்திருக்க வருசத்துக்கு ஒரு தடவையாவது நூறு ரூபாய் போட்டு எடுக்கட்டும். நமக்கான ஆவணத்தை வி.ஏ.ஓ. எழுதித் தரமாட்டார்.

2016இல் குஜராத் ஊனாவில், செத்த மாட்டின் தோலை உரித்ததற்காக நம் பிள்ளைகளைக் கட்டிவைத்து அடித்தபோது, அங்கே திரண்டவர்கள் மாட்டின் வாலை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், எங்களுக்கு நிலத்தைக் கொடுங்கள் என்று கேட்டார்கள். நிவாரணப் பேச்சும் போய் நிற்க வேண்டிய இடம் அதுதான். மேய்ச்சல் புறம்போக்கை யார் வளைத்து வைத்திருக்கிறார்கள், பஞ்சமி நிலம் யார் கையில் இருக்கிறது, சேரிக்கு ஏன் மேட்டில் இடமில்லை? மேட்டில் கட்டின மாடு வெள்ளத்தில் சாவதில்லை.